இத்தாலிக்காரனின் ரப்பர் வளையம்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். நான். உன் அப்பா. என் தங்கை வள்ளி. அவளைப் பெண் பார்க்கத்தான் மற்றவர்கள் வந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் நடராசன், கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டையில், வேர்த்துக்கொண்டு. அவன் அம்மா விசாலாட்சி அம்மாள், பாயின் நட்டநடுவில். அவனுடைய தாய்மாமா, பெயர் எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை, மூன்று தரம் கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். தரகர் கோவிந்தன். அடுப்படியில் உன் அத்தை ராசம்மாள், உன் அப்பாவின் அக்கா. அவள் இடுப்பில் நீ. உனக்கு ஒன்றரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே நீ கேட்டாய். "பொங்கோல் புது வீட்டுக்குப் போகும்போது இத்தாலிக்காரனை நான் கொண்டுபோறேம்மா. அதுல காப்பி எப்படிப் போடறதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, போதும்லா." ஒரு தாள் என்றாய். நானும் ஒரு தாளோடுதான் உட்கார்ந்தேன், நீ வேலைக்குப் போனபிறகு, இந்த ஈசூன் வீட்டு அடுப்படி மேசையில். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். மிச்ச எழுத்தெல்லாம் வள்ளி சொல்லிக் கொடுத்தது. தண்ணீர் இவ்வளவு, தூள் இவ்வளவு என்று எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் போன மாதம் ஒரு விஷயம் தெரிய வந்தது தம்பி. அதைச் சொல்லாமல் அந்தப் பாத்திரத்தை உன் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சின்ன வயதில் நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய், எல்லாருக்கும் அத்தை வருகிறார்களே, நம் வீட்டுக்கு ஏன் அத்தை வருவதில்லை என்று. ஒவ்வொரு தடவையும் உன்னை அதட்டி உட்கார வைத்தேன். இப்போது பதில் சொல்கிறேன். காப்பி போடுவதையும் சொல்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, பிரித்து எழுத எனக்குத் தெரியாது.

நாங்கள் அப்போது பஃபலோ ரோட்டில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். சிங்கப்பூர் இன்னும் தனி நாடாகவில்லை. முன்னால் ஒரு அறை, நடுவில் ஒரு அறை, பின்னால் அடுப்படி. நடு அறையில் ராசம்மாள். அவள் இருபது வயதில் தாலியறுத்தவள். தாயில்லாத தம்பியை, அதாவது உன் அப்பாவை, வளர்த்து ஹார்பரில் வேலைக்கு அனுப்பி, எனக்குக் கட்டிவைத்தவளும் அவள்தான். நான் மருமகளாகப் படியேறி வந்த அன்று அவள் கரண்டியை என் கையில் கொடுத்து, "இனிமே இந்த அடுப்பு உன்னுது" என்றாள். கொடுத்ததோடு சரி, ஒரு நாளும் திருப்பிக் கேட்கவில்லை. அடுப்படிக்குப் பின்னால் ஒரு மரச் சன்னல் உண்டு. திறந்தால் பின்சந்து, அதற்கப்பால் பால்காரரின் மாட்டுக் கொட்டகை. விடியும்போது மாடுகளின் மூச்சும் எங்கள் அடுப்பின் ஆவியும் சேர்ந்து, சந்து முழுக்க வெள்ளைத் துணி காயப்போட்டது போல் நிற்கும். அதற்குள்ளே யாரோ வாளியோடு நடந்து போவார்கள். ஆள் தெரியாது, வாளியின் சத்தம் மட்டும் வரும். இன்றைக்கும் தூங்கி எழும்போது சில நாள் நான் அந்தச் சன்னலிடம்தான் எழுகிறேன். கண்ணைத் திறந்தபிறகுதான் பத்தாவது மாடி.

இத்தாலிக்காரன் வந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், உன் அப்பா சொல்லும்போது பாதியை விட்டுவிடுவார். அவர் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். இத்தாலிக் கப்பல் ஒன்றில் சமையல்காரன் ஒருவன், இவர் சாப்பாட்டுக் கேரியரில் இருந்த எலுமிச்சை ஊறுகாயை ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு விடவே மாட்டேன் என்றானாம். அது ராசம்மாள் போட்ட ஊறுகாய். மறுநாள் ஒரு ஜாடி கொண்டுபோய்க் கொடுத்தார். பதிலுக்கு அவன் கொடுத்தது இந்த எட்டுப்பட்டை அலுமினியப் பாத்திரம். கீழ்ப்பாதி, மேல்பாதி, நடுவே புனல் மாதிரி ஒரு சல்லடை. இடுப்பில் திருகி மூடவேண்டும். வள்ளியோடு நாங்கள் நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். கீழே தெருவில் கோப்பிக்கடை வைத்திருந்த ஹைனான் சீனர் அதைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. ஒரு வாரம் தண்ணீரும் தூளும் வீணாகி, ஒரு விடியலில் திடீரென்று அது தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளேயிருந்து கறுப்பாக, தேன் மாதிரி மெதுவாகக் காப்பியை விட்டது. ராசம்மாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "இத்தாலிக்காரன் பேச ஆரம்பிச்சுட்டான்" என்றாள். அன்று வைத்த பேர்தான். அதற்கப்புறம் நாலு வருஷம், மற்றவர்கள் எழுவதற்கு முன்னால், நானும் அவளும் அந்தச் சன்னலில் ஆளுக்கு ஒரு டம்ளரோடு நின்றிருக்கிறோம். பெரிதாக எதுவும் பேசினதாக ஞாபகமில்லை. சூடு மட்டும் உள்ளங்கையில் இருக்கிறது.

சரி, முதலில் தண்ணீர். கீழ்ப்பாதியின் பக்கவாட்டில் பித்தளையில் சின்னதாக ஒரு குமிழ் இருக்கிறது பார், அதை நாங்கள் மூக்குத்தி என்போம். ஆவி அதிகமானால் அந்த வழியாகத்தான் வெளியே போகும். தண்ணீர் எப்போதும் மூக்குத்திக்குக் கீழேதான் நிற்கவேண்டும். தொட்டாலும் தப்பு. அப்புறம் தூள். கடைக் காப்பியில் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக் கருக வறுத்திருப்பார்கள், அது இதற்கு ஆகாது, சல்லடை அடைத்துக்கொள்ளும். வெறும் கொட்டையாக வாங்கி, கொஞ்சம் நறநறவென்று அரைத்துக்கொள். அந்தக் காலத்தில் தேக்காவில் நாகூர்க்கார நானா கடையில் எனக்கென்று தனியாக வறுத்துத் தருவார். சல்லடையில் தூளைக் கொட்டி விரலால் தடவி மட்டப்படுத்து. அழுத்தாதே. உன் பெண்டாட்டி அழுத்துவாள், அவள் கை அப்படி, சொல்லி வை. நிறைய அழுத்தினால் நிறைய இறங்கும் என்று யாருக்கும் தோன்றும். அழுத்தினால் தண்ணீருக்கு ஏற வழியிருக்காது, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு எங்காவது பிய்த்துக்கொண்டு வரும். இதை நான் பாத்திரத்திடம் கற்றுக்கொண்டேன். மனுஷர்களிடம் கற்றுக்கொள்ள வெகு நாளாயிற்று.

அதற்கப்புறம்தான் வளையம். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கவேண்டும், அது இல்லாவிட்டால் ஆவி பக்கவாட்டில் போய்விடும், காப்பி மேலே ஏறாது. கப்பல்காரன் கொடுத்த வளையம் ஒரு வருஷத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கிப்போயிற்று. சிங்கப்பூர் முழுக்கத் தேடியும் வேறு கிடைக்கவில்லை. உன் அப்பா பழைய லாரி ட்யூபில் ஒன்று வெட்டினார். இருந்தது அந்த ஒன்றே ஒன்று. அதனால் நான் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றிக் கழுவி, அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிடுவேன். அந்த ஆணியை அந்த வீட்டில் அறியாதவர்கள் கிடையாது.

இப்போது வள்ளி. எங்கள் அம்மா போனபிறகு பன்னிரண்டு வயதில் என்னிடம் வந்தாள். நான் படிக்காததையெல்லாம் அவள் படித்தாள். ராத்திரிச் சாப்பாடானதும் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள், தப்பாக எழுதினால் குட்டுவாள். பத்தொன்பது வயதில் டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அதே நேரம் தரகர் கோவிந்தன் காத்தோங்கிலிருந்து இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, சொந்த வீடு, ஒரே பிள்ளை, கெட்ட பழக்கம் இல்லை. நான் பிடித்துக்கொண்டேன். தாயில்லாத பெண், அக்காள் வீட்டில் எத்தனை நாள் இருப்பாள், யார் என்ன சொல்வார்கள் என்று எனக்குள் ஒரே அரிப்பு. வள்ளி இரண்டு தடவை சொன்னாள், "எனக்கு வேணாங்க்கா, நான் படிக்கணும்" என்று. ஒரு தடவை நான் காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தேன், மிஷின் சத்தத்தில் சொன்னாள். இன்னொரு தடவை அன்று காலையிலேயே, தலை பின்னும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள். என் காதில் விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விழுந்தது. பின்னலை இன்னும் இறுக்கிப் பின்னினேன், அவ்வளவுதான்.

விசாலாட்சி அம்மாள் தஞ்சாவூர்ப் பக்கம். காப்பி விஷயத்தில் அவள் பெரிய கறார் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். இரண்டு வீட்டில் காப்பி சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டாளாம். "அந்தம்மா குடிச்சு முடிச்சு டம்ளரைப் பொண்ணு கையிலயே குடுத்தா காரியம் பழம். கீழ வெச்சா நாம வேற எடம் பார்க்கணும்" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னிடம் இத்தாலிக்காரன் இருக்கிறான், எனக்கென்ன பயம். பாலுக்குப் பால்காரரிடம் முதல் கறவையைச் சொல்லிவைத்தேன். வள்ளிக்கு நல்ல பட்டு இல்லை. ராசம்மாள் தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவையை எடுத்து வந்தாள். அவளுடைய கல்யாணப் புடவை. அவளே வள்ளிக்குக் கட்டிவிட்டு, கொசுவத்தை நீவிவிட்டு, தள்ளி நின்று பார்த்தாள். நான் அந்த நேரம் பார்த்து அவளிடம் சொன்னேன். மதினி, அவங்க வந்து போற வரைக்கும் நீங்க உள்ளேயே இருந்துக்குங்க, முன்னாடி வரவேண்டாம் என்று. வெள்ளைப் புடவைக்காரி எதிரே வந்தால் ஆகாது என்று அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான், எல்லாரும் சொன்னதுதான். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நீ சொல்லாட்டியும் நான் வரமாட்டேனே" என்றாள். உன்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாங்க, உட்காருங்க எல்லாம் ஆயிற்று, உன் அப்பா கேசரித் தட்டை எடுத்துப் போனார். நான் தண்ணீரை அளந்து, தூளை மட்டப்படுத்தி, கையை மேலே நீட்டினேன். ஆணி மட்டும் இருந்தது. வளையம் இல்லை. அடுப்புக்குக் கீழே பார்த்தேன், தொட்டிக்குள் பார்த்தேன், கரித்துணியை உதறினேன். ராசம்மாள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்றிருந்தாள். "வளையம் எங்கே மதினி" என்றேன். பார்க்கலையே என்றாள். பில்டரில் போடலாம் என்றால் இறங்க அரைமணி ஆகும், அங்கே அவர்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நானா வீட்டு அம்மா பிரியாணிச் சட்டியைச் சுற்றி மாவு ஒட்டி மூடுவதை நான் பார்த்திருக்கிறேன், ஆவி ஒரு சொட்டு வெளியே வராது. பூரிக்குப் பிசைந்த மாவு தயாராக இருந்தது. அதைக் கயிறு மாதிரி திரித்து, வளையம் இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டி, மேல்பாதியைத் திருகி, மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றினேன். வள்ளியைத் தட்டோடு பக்கத்தில் நிற்கச் சொன்னேன், இறங்கியதும் சூடாகக் கொண்டுபோகட்டும் என்று.

கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மாவு வேகும் வாசனை வந்தது, ரொட்டி சுடுவது போல. நான் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு சொட்டும் ஏறவில்லை. அப்புறம் புஸ்ஸென்று ஒரு சத்தம். பாத்திரத்தின் இடுப்பு வழியாகக் காப்பி ஒரு பக்கமாகப் பீய்ச்சியடித்தது. சுவரில், அடுப்பில், அந்த மாம்பழப் பட்டில் இடுப்பிலிருந்து கால்வரை. நல்லவேளை, புடவை கனம், வள்ளிக்குச் சுடவில்லை. முன்னறையில் பேச்சு நின்றது. நான் உன் அப்பாவைக் கூப்பிட்டு, பின்படி வழியாக ஹைனான்காரர் கடைக்கு ஓடச் சொன்னேன். அவர் கயிறு கட்டிய பால் டின்னில் கடைக் காப்பியை வாங்கி வந்தார். டம்ளரில் ஊற்றி, கறையை முந்தானையால் மறைத்து, வள்ளியை அனுப்பினேன். விசாலாட்சி அம்மாள் ஒரு வாய் உறிஞ்சினாள். அவள் கண் சுருங்கியதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். "கடைக் காப்பியா?" என்றாள். டம்ளரைப் பாயிலே வைத்தாள். மகனைப் பார்த்தாள். அவன் எழுந்தான். தாய்மாமா மட்டும் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் தெருவில் கரையும்வரை பொறுத்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போனேன். காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு நகராதவள் ஒருத்திதான். அதுவரை ஒரு நாளும் அவளை 'நீ' என்று சொன்னதில்லை. "முன்னாடி வராதேன்னு சொன்னதுக்குத்தானே இப்படிப் பண்ணே?" என்றேன். இன்னும் எவ்வளவோ சொன்னேன். தன் வாழ்க்கை போனது போதாதென்று இன்னொரு பெண்ணின் வாழ்க்கையையும் எடுத்துவிட்டாய் என்று சொன்னேன். சொன்னதைச் சொன்னேன் என்றுதான் எழுதவேண்டும். உன் அப்பா டின்னைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றார். வள்ளி மூலையில் நின்று அழுதாள், தலையில் நான் வைத்துவிட்ட மல்லிகைச் சரத்தோடு. என்னைப் பார்த்துப் பயந்து அழுகிறாள் என்று நினைத்தேன். ராசம்மாள் வள்ளியை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். "காப்பிதானே. நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் உன்னை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கினேன். நீ அவள் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாய். விரல் விரலாகப் பிரித்துத்தான் உன்னை எடுக்கவேண்டியிருந்தது.

அந்த மாதம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். நாம் இப்போது குடியிருக்கும் இதே ஈசூன் அப்போது நீசூன், ரப்பர்த் தோட்டமும் அன்னாசிக் காடும். தெரிந்தவர்கள் வழியாகத் தோட்டத்தில் பால் வெட்டும் வேலைக்குப் போனாள். உன் அப்பா தீபாவளிக்குத் தீபாவளி போய்ப் பார்த்துவிட்டு வருவார். திரும்பும்போது ஒரு பொட்டலம் முறுக்கும், காகிதத்தில் மடித்து ஒரு ரப்பர் வளையமும் கொண்டுவருவார். தோட்டத்து லாரி ட்யூபில், பால் வெட்டும் கத்தியாலேயே அவள் வெட்டியது. பிசிறில்லாமல் நிலா மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருடியதை வருஷா வருஷம் திருப்பி அனுப்பிக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். உன் அப்பா கண்ணெதிரே குப்பைக் கூடையில் எறிவேன். அடுத்த நாள் அவர் இத்தாலிக்காரனுக்குப் புது வளையம் மாட்டியிருப்பார், "நான் வெட்டினேன்" என்பார். நானும் அந்தக் காப்பியைக் குடித்தபடியேதான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை அவளை நேரில் பார்த்தேன். தேக்கா பசாரில், முருங்கைக்காய்க்காரர் பக்கத்தில். உனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும், என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்து வந்தாய். வெயில் மேல்கூரை ஓட்டை வழியாகத் தூண் தூணாக இறங்கிக்கொண்டிருந்தது, அவள் அதில் ஒரு தூணுக்குள் நின்றாள், கறுத்து, மெலிந்து, கையெல்லாம் ரப்பர்ப் பால் கறை. உன்னைப் பார்த்தாள். உன்னைக் கூப்பிடவில்லை. என்னிடம், "காப்பி நல்லா எறங்குதா?" என்றாள். நான் உன் தோளைப் பிடித்துத் திருப்பி மீன் கடைப் பக்கம் நடந்துவிட்டேன். அது யாரும்மா என்று கேட்டாய். தெரியாது என்றேன். அந்த ஒரு பொய்யை மட்டும் நீ என்னிடம் கேட்டு வாங்கினாய்.

நீ பட்டாளத்தில் தேசிய சேவை முடித்த வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். நான் போகவில்லை. உன் அப்பா காரியம் முடித்து வந்து, ஒரு பிஸ்கட் டின்னை அலமாரி மேல் வைத்தார். அது என்ன என்று நானும் கேட்கவில்லை. அவரும் போனபிறகு, ஒரு நாள் எடுத்துத் திறந்தேன். உள்ளே ரப்பர் வளையங்கள், பவுடர் தூவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காகிதம் வைத்து. பாத்திரத்தில் இருந்ததைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கத்தி, ஒரே கை. இருபது வருஷம் நான் குடித்தது யார் கை வளையம் என்று அன்றுதான் தெரிந்தது. அப்போதும் என் புத்தி திருந்தவில்லை. செய்த பாவத்துக்குக் கழுவாய் தேடியிருக்கிறாள் என்று சொல்லி டின்னை மூடினேன். வளையத்தை மட்டும் மறுபடி மாட்டினேன். காப்பி இல்லாமல் இருக்க முடியாது.

போன மாதம் வள்ளி வந்திருந்தாள். டீச்சராகி, தன் கூட வேலை செய்தவரைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு, ஓய்வும் பெற்றாயிற்று. குடியிருப்பது அதே காத்தோங்கில்தான். நான் அனுப்பப் பார்த்த இடத்துக்குத் தானே பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் காப்பி போட்டு முடித்து வளையத்தைக் கழுவி ஆணியில் மாட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கையிலெடுக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு அதை எடுத்தது நான்தான்" என்றாள்.

பெண் பார்க்க வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போயிருக்கிறாள். ஆணியிலிருந்து வளையத்தை எடுத்து, பின்னலின் மேல்முனையில், பூச்சரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றபோதும், நான் வீடெல்லாம் தேடியபோதும், நான் கத்தியபோதும், அது அவள் தலையில்தான் இருந்திருக்கிறது. ராசம்மாள் சன்னலோரம் நின்று பார்த்துவிட்டாள். உன்னை இடுப்பில் வைத்தபடி கிட்டே வந்து, வளையம் வெளியே தெரியாமல் மல்லிகையை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம் வள்ளியின் காதோடு சொன்னாளாம். அதை வள்ளி அப்படியே, ராசம்மாளின் குரலிலேயே எனக்குச் சொன்னாள்.

"உங்கக்கா உன்னை வெறுத்துட்டா உனக்குப் போக்கிடம் கிடையாது. கேட்டா வாயைத் தொறக்காதே. என்னை வெறுக்கட்டும்."

சத்தியமும் வாங்கிக்கொண்டாளாம். முதல் வருஷம் சத்தியத்துக்காகச் சொல்லவில்லை என்றாள். அப்புறம் நான் திட்டத் திட்ட, சொல்லும் தைரியம் போய்விட்டது என்றாள். ராசம்மாள் செத்தபிறகு சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். எழுபது வயதை நெருங்குகிறவள், பத்தொன்பது வயதில் அந்த மூலையில் நின்று அழுத மாதிரியே அழுதாள். காப்பி ஆறிப்போயிற்று. நான் அதைக் கொட்டிவிட்டு வேறு போட்டேன். இந்தத் தடவை அவள் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமல் என் கையில் கொடுத்தாள்.

ஆகவே, இதையெல்லாம் கொண்டுபோ. பாத்திரம், டின், டின்னுக்குள் இன்னும் நான்கு வளையம். அடுப்பை எப்போதும் சின்னதாக வை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில், போனைப் பார்க்காதே. முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு முனகல். கறுப்பாக ஏறும், கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும், பொன்னிறமாக நுரைக்கும். சத்தம் மாறியவுடனே இறக்கிவிடு, சீறும்வரை விட்டால் கசந்துவிடும். வளையத்தைக் கழற்றிக் கழுவி ஆணியில் மாட்டு. புது வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க உன் பெண்டாட்டி விடமாட்டாள். ஒரே ஒரு ஆணி, அம்மா கேட்டாள் என்று சொல். உன் பெண் வளர்ந்து உன்னிடம் எதையாவது வேண்டாம் என்று சொன்னால், இரண்டாவது தடவை சொல்லும்வரை காத்திருக்காதே.

ஒரு மாதமாக யோசித்துவிட்டேன். அந்த ஒன்பது பேரையும் ஒருவர் ஒருவராக எடுத்துப் பார்த்தேன். விசாலாட்சி அம்மாளை மன்னித்தேன். அது மோசமான காப்பிதான். நடராசன் பாவம், அம்மா எழச் சொன்னாள், எழுந்தான். தாய்மாமாவையும் மன்னித்தேன், கேசரி நன்றாகத்தான் இருந்தது. தரகருக்கு அது தொழில். உன் அப்பா டின்னைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாரே என்று வெகுகாலம் ஆத்திரப்பட்டேன். குப்பையிலிருந்து வளையத்தைப் பொறுக்கியெடுத்த கைக்காக அதையும் விட்டேன். நீ பேச்சு வராத பிள்ளை. வள்ளியை அந்த இரண்டாவது டம்ளரோடு மன்னித்துவிட்டேன், இரண்டு தடவை சொன்னாள், நான்தான் கேட்டும் கேட்காதவள். என்னையும் மன்னித்துக்கொண்டேன். வேறு வழியில்லை, இருக்கிற மிச்ச நாளும் நான் என்னோடுதானே இருக்கவேண்டும்.

ஒருத்தியை மட்டும் என்னால் முடியாது. பசாரில் அந்த வெயிலில் நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் இல்லை என்று. சொல்லாமல் காப்பியைப் பற்றிக் கேட்டாள். இருபது வருஷம் என் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, பதிலுக்கு வளையம் வெட்டி அனுப்பிவிட்டு, காலில் விழ எனக்கு ஒரு நாள்கூட மிச்சம் வைக்காமல், என் கையால் இன்னொரு டம்ளர் குடிக்காமல் போய்விட்டாள். அவளை நான் மன்னிக்கவே மாட்டேன் தம்பி. உன் அத்தை, ராசம்மாள்.